விவாத இழை: கடற்கரை ராக் கச்சேரியில் தவில் ஏன் கேட்கவில்லை?

கச்சான்காத்து | ஞாயிறு காலை 10.12

நேற்று இரவு மண்டபம் ஊர்ப் பக்கம், வடகடல் ஓரத் திடலில் நடந்த கச்சேரிக்குப் போனவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? சென்னையிலிருந்து வந்த ராக் குழு. பெயரைப் போடவில்லை, விளம்பரமும் வேண்டாம், வம்பும் வேண்டாம். மேடையில் இரண்டு எலக்ட்ரிக் கிட்டார், ஒரு பேஸ், டிரம்ஸ், ஆப்பிரிக்கக் கைமேளமான ஜெம்பே ஒன்று, அரபுக்காரர்களின் கைமேளமான தர்புக்கா ஒன்று. அப்புறம் நம் பக்கத்து ஆட்கள் மூன்று பேர்: இரண்டு தவில், ஒரு நாதஸ்வரம். உலக இசையும் ராக்கும் நம் மண்ணின் மேளமும் சேர்ந்து முழங்கும் என்று சுவரொட்டியில் போட்டிருந்தார்கள்.

என் புகார் ஒன்றுதான். முதல் ஐந்து பாட்டுக்குத் தவில் கேட்கவே இல்லை. கை ஆடுவது தெரிகிறது, தலை ஆடுவது தெரிகிறது, பட்டு வேட்டியும் நெற்றிப் பட்டையும் பெரிய திரையில் பளிச்சென்று தெரிகிறது. சத்தம்தான் இல்லை. நாலு தெரு தள்ளிக் கதவைச் சாத்திப் படுத்தாலும் தூங்க விடாத வாத்தியம் அது! நான் மேடையிலிருந்து இருபது அடியில் நின்றேன். தவிலை ஊமையாக்குவதற்கும் ஒரு தனித் திறமை வேண்டும் போல.

ஆறாவது பாட்டில் பெரியவராக இருந்த தவில்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மடியில் வைத்தார். அதற்கப்புறம் நடந்ததுதான் கச்சேரி. ஐஸ் விற்றுக்கொண்டிருந்தவர் வண்டியை விட்டுவிட்டு முன்னால் வந்து நின்றார். அங்கே என்ன நடந்தது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கட்டைவண்டி | 10.40

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? இந்த 'உலக இசை' வியாபாரமே அப்படித்தான். 1987-ல் லண்டனில் ஒரு மதுக்கடையில் சில இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் கூடிப் பேசி முடிவு செய்த பெயர் அது. மாலியிலிருந்து வந்த தட்டையும் பல்கேரியாவிலிருந்து வந்த தட்டையும் கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாமல், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அட்டை எழுதி மாட்டினார்கள். அலமாரிக்கு வைத்த பெயரை நாம் இசைக்கு வைத்த பெயர் என்று நம்பிக்கொண்டு திரிகிறோம். நேற்று அந்த அலமாரியில் தவிலும் ஒரு சாமான். அவ்வளவுதான்.

கீழக்கரைக் காக்கா | 11.05

அட்டை எழுதியது கடைக்காரன், சரி. ஆனால் கச்சேரி அதற்கு முன்பே நடந்தது தம்பி. ராக் பாடகர் பீட்டர் கேப்ரியல் 1982-ல் இங்கிலாந்தில் வோமேட் என்ற இசை விழாவைத் தொடங்கினார். புருண்டி நாட்டு மேளக்காரர்களும் ராக் குழுக்களும் ஒரே விழாவில். நன்றாகக் கையைச் சுட்டுக்கொண்டார். அந்தக் கடனை அடைக்க அவருடைய பழைய குழு ஜெனிசிஸ் அதே வருடம் அக்டோபரில் அவரோடு சேர்ந்து ஒரு கச்சேரி நடத்திக் கொடுத்தது. நஷ்டப்பட்டவனை வியாபாரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே விழா 2009-ல் அபுதாபி கார்னிஷ் கடற்கரைக்கு வந்தது. டிக்கெட் கிடையாது. நான் அப்போது அங்கேதான் வேலை. ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடு மணலில் போய் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் பெஷாவர்க்காரர், மறுபக்கம் சூடான்காரர். மேடையில் பாடியது எங்கள் மூவருக்குமே புரியாத பாஷை. மேளம் மட்டும் வயிற்றில் வந்து இடித்தது. சூடான்காரர் என் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார், அவ்வளவு நேரமும் நாங்கள் பேர் கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. மேளக்காரர் முன்னால் இருந்த மைக்குகளை எண்ணிப் பார்த்தேன். பாடகரை விட அவருக்குத்தான் அதிகம். ஆகவே கச்சான்காத்து கேட்கும் கேள்வியை சவுண்டுக்காரரிடம் கேட்க வேண்டும்.

ஒலிப்பெட்டி_ராம்நாடு | 11.50

கேளுங்கள் காக்கா. அந்த சவுண்டுக்காரன் நான்தான்.

திட்டுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். என்னிடம் இருப்பது இருபத்துநாலு சேனல் மிக்சர். டிரம்ஸுக்கு மட்டும் எட்டு மைக் கேட்டார்கள். கிட்டாருக்கு இரண்டு, பேஸுக்கு ஒன்று, ஜெம்பேவுக்கு ஒன்று, தர்புக்காவுக்கு இரண்டு, பாடுகிறவர்களுக்கு நாலு, லேப்டாப்புக்கு இரண்டு, அறிவிப்பாளருக்கு ஒன்று. இருபத்தொன்று போய்விட்டது. மிச்சம் மூன்று: தவிலுக்கு ஆளுக்கு ஒன்று, நாதஸ்வரத்துக்கு ஒன்று. தவிலுக்கு இரண்டு முகம். வலந்தலைப் பக்கம் ஒரு மைக், தொப்பிப் பக்கம் ஒரு மைக் வைத்தால்தான் அது தவில். ஒரு மைக்கை எங்கே வைப்பேன்? வலந்தலையில் வைத்தேன்.

அடுத்து, குழுவோடு வந்த இன்ஜினியர் தம்பி. நல்ல பையன், ஆனால் தவிலை அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்க்கிறார். பேஸ், கிக் டிரம், தவிலின் தொப்பி மூன்றும் கனத்த கீழ்ச்சத்தத்தில் ஒன்றோடொன்று முட்டும். "தவிலில் லோவை வெட்டுங்க" என்றார். வெட்டினேன். வெட்டியபின் மிஞ்சியது தகரத்தில் ஆணி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அதுவும் சிம்பலோடு கலந்து காணாமல் போனது. நாதஸ்வரத்துக்கு அணசுக்கு, அதாவது கீழே விரிந்திருக்கிற வாய்க்கு, நேராக மைக் வைத்திருந்தார். தம்பி, சத்தம் பெரும்பாலும் விரல் துளைகளிலிருந்து வருகிறது, மைக்கை மேலே ஏற்றுங்கள் என்றேன். டிரம்பெட் மாதிரி என்று நினைத்தேன் அண்ணே என்றார். ஏற்றினோம்.

மூன்றாவது, காற்று. படத்துக்கு அழகாக இருக்குமென்று கடலுக்கு முதுகு காட்டி மேடை போட்டார்கள். வடகடல் முதுகில் என்றால் ஸ்பீக்கர் தெற்கே பார்க்கும். இது தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதம். காற்றை எதிர்த்துப் போகிற சத்தம் மேலே வளைந்து ஆளுக்குத் தலைக்கு மேல் போய்விடும். காற்றோடு போகிற சத்தம்தான் தரையை ஒட்டிப் போகும். பின்வரிசையில் நின்ற ஆட்களை விடக் கடலில் நின்ற வள்ளக்காரர்களுக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.

சவுண்ட் செக் பற்றி எழுதினால் அழுதுவிடுவேன். நாலு மணியிலிருந்து ஆறரை வரை டிரம்ஸைத் 'தட்' 'தட்' என்று தட்டிக்கொண்டே இருந்தார்கள். மேளக்காரர்கள் உச்சிப்புளியில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு ஏழு மணிக்குத்தான் வந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஒரு டீ குடிக்கிற நேரம்.

கச்சான்காத்து | மதியம் 12.20

அண்ணே, தெரியாமல் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். ஆனால் ஆறாவது பாட்டில் அதே மைக், அதே காற்று. எப்படிக் கேட்டது?

ஒலிப்பெட்டி_ராம்நாடு | 12.31

அதற்கு என்னிடம் பாதி பதில்தான் இருக்கிறது. லேப்டாப்பை நிறுத்தினார்கள். பேஸ்காரர் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். டிரம்மர் சிம்பலைத் தொடவில்லை. இடம் காலியாக இருந்தது, வெட்டிய லோவை நான் திரும்ப ஏற்றினேன். இன்ஜினியர் தம்பி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நெறியாளர் | 1.15

யார் எந்த வாத்தியத்தைத் தொடலாம் என்று கிளம்பிய இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். கச்சேரியைப் பேசுங்கள்.

இரண்டரைக்கட்டை | 2.30

மீதிப் பாதியை நான் சொல்கிறேன். இடப்பக்கம் உட்கார்ந்திருந்த பெரிய தவில்காரர் என் அப்பா.

ராத்திரி ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தார். கூடுகளை விரலிலிருந்து ஒவ்வொன்றாக உருவி டப்பாவில் போட்டுக்கொண்டே சொன்னார்: "காதுல டிக்கு டிக்குன்னு ஒரு கடிகாரத்த மாட்டிவிட்டு, இதோட சேந்து வாசிங்கங்கிறான்டா அந்தத் தம்பி. நாப்பது வருசமா நாயனத்தப் பாத்து வாசிக்கிறவன் நான்."

விஷயம் இதுதான். குழு லேப்டாப்பில் வயலின் கூட்டம், கோரஸ் எல்லாம் முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தது. அது ஓடும்போது மேடையில் இருக்கிறவர்கள் இம்மி பிசகக் கூடாது. அதனால் எல்லோர் காதிலும் ஒரே அளவான தட்டல். அவர்களுக்கு அது பழக்கம். தவில்காரருக்கு அது கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி. நாயனக்காரர் ஒரு ஸ்வரத்தில் இழைந்து நின்றால் தவில் காத்திருக்கும், அவர் ஓடினால் இதுவும் ஓடும். கடிகாரம் யாருக்காகவும் காத்திருப்பதில்லையே.

நாயனத்துக்கு வேறு கஷ்டம். எங்கள் செட்டில் இருப்பது இரண்டரைக் கட்டைச் சுருதி நாயனம். குழுவின் முதல் ஐந்து பாட்டும் மூன்று கட்டையில், அதாவது கிட்டாரின் திறந்த தந்தி நிற்கிற 'ஈ'-யில். அரைச் சுருதி வித்தியாசம். வாத்தியத்தை இழுத்து நீட்ட முடியுமா? அதனால் நாயனக்காரர் சித்தப்பா பாட்டுக்கு முன்னால் ஒரு பிடி, பின்னால் ஒரு பிடி வாசித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். ஆறாவது பாட்டு மட்டும் எங்கள் ஆட்களுக்கென்றே வைத்தது. அதற்கு ஒரு கிட்டாரை எல்லாத் தந்தியும் அரைச் சுருதி இறக்கித் தனியாக வைத்திருந்தார்கள். ராக்கில் இது பழைய வழக்கம், அமெரிக்கக் கிட்டார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பல பாட்டுக்கு அப்படித்தான் வைத்துக்கொள்வார். இறக்கினால் வருவது டி ஷார்ப். நம் இரண்டரைக் கட்டை அதுதான். சித்தப்பா காதில் அந்தக் கிட்டாரின் முதல் தந்தி விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாராம்.

அப்பா கழற்றி வைத்தது அப்போதுதான். டிரம்மர் பையன் திரும்பிப் பார்த்தான். அப்பா கையால் 'வா' என்றார். அவன் லேப்டாப்காரரைப் பார்த்துக் கழுத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தான். பதிவு நின்றது. அப்பா "தகிட தகதிமி" என்று ஏழு எண்ணிக்கையில் எடுத்தார். பையன் இரண்டு ஆவர்த்தனம் சரியாக வந்து மூன்றாவதில் விழுந்தான். அப்பா அவன் முகத்தைப் பார்த்து வாயாலேயே சொல்லிக் காட்டி, வேகத்தைக் கொஞ்சம் இறக்கித் திரும்ப எடுத்தார். ஐந்தாவதில் பிடித்துக்கொண்டான். நீங்கள் கேட்டது அந்த இடம்தான் கச்சான்காத்து.

பேசிய சம்பளம் கைக்கு வந்தது, அதில் குறை சொல்ல மாட்டோம். சுவரொட்டியில் மூன்று பேர் பெயரும் இல்லை, 'கிராமியக் கலைஞர்கள்' என்று இருந்தது. அதற்குத்தான் அப்பாவுக்கு வருத்தம். "காம்போதி ஆலாபனைக்குப் பின்னால உக்காந்து ராத்திரி முழுக்க வாசிச்சவன்டா நான். கிராமியமாம்." இன்னும் முனகிக்கொண்டிருக்கிறார்.

முளைப்பாரி | மாலை 4.05

தேவிபட்டினத்திலிருந்து எழுதுகிறேன். இசை படித்தவள் இல்லை. ஒரு விஷயம் மட்டும்.

டினாரிவேன் என்று ஒரு குழு இருக்கிறது. சஹாரா பாலைவனத்து துவாரக் மக்கள், மாலியை விட்டு ஓடிப்போய் அல்ஜீரியாவிலும் லிபியாவிலும் கிடந்தவர்கள். 1979-ல் சேர்ந்த குழு. அதை ஆரம்பித்த இப்ராஹிம், சின்ன வயதில் தகர டப்பா, ஒரு குச்சி, சைக்கிள் பிரேக் கம்பி மூன்றையும் வைத்துத் தன் முதல் கிட்டாரைத் தானே செய்துகொண்டவர். பாட்டெல்லாம் கேசட்டில் கைக்குக் கை மாறிப் பரவியது. 2012-ல் கிராமி வாங்கினார்கள். இன்றைக்கும் தலைப்பாகையோடு நின்று எலக்ட்ரிக் கிட்டார்தான் வாசிக்கிறார்கள். அந்த ஊர்ப் பெண்கள் அடிக்கிற மேளத்துக்கு டிண்டே என்று பேர். அது என்ன தெரியுமா? உரல். உரல் வாயில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டினால் மேளம்.

ஒருநாள் போனில் அவர்களுடைய கச்சேரி ஒன்றைப் போட்டுவிட்டு மீன் கழுவிக்கொண்டிருந்தேன். நடுவில் பெண்கள் நாக்கைச் சுழற்றிச் சத்தம் எழுப்பினார்கள். அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்: "எந்த ஊரு முளைப்பாரிடி?" குலவை என்றே நினைத்துவிட்டாள். நான் சஹாரா என்றேன். "அங்கேயும் மாரியாத்தா இருக்காளா?" என்று கேட்டுவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

நேற்றுக் கச்சேரியில் பெண்கள் பக்கம் நாங்கள் நாற்பது ஐம்பது பேர் இருந்தோம். ஆறாவது பாட்டில் தவில் ஏறினபோது பின்னால் நின்ற ஒரு கிழவி குலவை போட்டாள். அப்புறம் எல்லோரும் போட்டோம். கிட்டார் தம்பி திரும்பி அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தான். எங்களுக்கு மைக் வைக்கவில்லை ஒலிப்பெட்டி அண்ணே, இருந்தாலும் கேட்டிருக்கும்.

ஒலிப்பெட்டி_ராம்நாடு | 4.11

பாடகர் மைக் நாலிலும் ஏறியது அக்கா. பதிவில் இருக்கிறது.

தூக்குப்பாலம்62 | 5.40

பிள்ளைகளா, உலக இசை நேற்று வேனில் ஏறி வந்தது மாதிரிப் பேசுகிறீர்கள். பாம்பனில் எங்கள் வீட்டுப் பரணில் இருந்த டிரான்சிஸ்டரில் நம் வானொலி கரகரக்கும், இலங்கை வானொலி கண்ணாடி மாதிரி விழும். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் எட்டிப் பிடிக்கிற தூரம்தானே. அதில் வரும் பொப் பாட்டுகளைக் கேட்டுத்தான் வலை பின்னினோம். நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன். 'சுராங்கனி' தெரியாத வள்ளம் இந்தக் கடலில் கிடையாது.

அந்தத் தாளம் பைலா. போர்த்துக்கீசியரோடும் அவர்கள் கூட்டி வந்த ஆப்பிரிக்கர்களோடும் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. பெயரே போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்ததுதான், ஆடுவது என்று பொருள். ஆப்பிரிக்க அடி, ஐரோப்பியக் கிட்டாரும் வயலினும், சிங்களப் பாட்டு, அதற்கு மேல் தமிழ்ச் சொல். இத்தனையும் கலந்து ராமேஸ்வரத்து ஓலைக்குடா வரைக்கும் வந்துவிட்டது, யாரும் அதற்கு அட்டை எழுதி மாட்டவில்லை. ஆறு எண்ணிக்கையில் உருளும் அந்த நடையும் நம் தெம்மாங்கும் பக்கத்துப் பக்கத்து வீடு. அதனால்தான் இங்கே ஒட்டிக்கொண்டது.

நேற்று அந்தக் குழு பைலா நடையில் ஒன்று வாசித்திருந்தால் மொத்தத் திடலும் ஆடியிருக்கும். அரபு நாடு வரைக்கும் தேடிப் போனார்கள், தலைமன்னாரை விட்டுவிட்டார்கள்.

கீழக்கரைக் காக்கா | 6.02

பெரியவர் சொன்னதும் நினைவு வருகிறது. நாகூர் ஹனீபா பிறந்தது நம் ராமநாதபுரத்தில், 1925-ல். ஏர்வாடியில் பக்கீர்மார்கள் தப்ஸ் என்ற கைமேளத்தைத் தட்டிக்கொண்டு பாடுவதை ஒரு ராத்திரி முழுக்கக் கேட்டுவிட்டு அந்த தர்புக்காவைக் கேளுங்கள். தம்பிக்கு விரல் வேகம் இருக்கிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்பது இன்னும் பிடிபடவில்லை.

கட்டைவண்டி | இரவு 8.20

காலையில் கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். கலப்பதை நான் எதிர்க்கவில்லை. 2018 ஜனவரியில் சென்னையில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற குழு முதல் கச்சேரி செய்தபோது நான் அங்கே இருந்தேன். அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதி பேதமற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர். கானாக்காரர்களும் பறைக்காரர்களும் அங்கே கிட்டாருக்குப் பின்னால் நிற்கவில்லை. பாட்டே அவர்களுடையது, கிட்டார்தான் அவர்களைத் தேடி வந்தது. டெல்லியின் இந்தியன் ஓஷன் ராக் குழுவிலும் அப்படித்தான். அசீம் சக்ரவர்த்தி தரையில் உட்கார்ந்து தபலா வாசித்துக்கொண்டே பாடுவார், பாட்டின் மூச்சும் தாளமும் ஒரே ஆளிடம். 2009-ல் அவர் இறந்தபிறகு அந்த ஓர் இடத்துக்கு இரண்டு பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது.

நேற்றுக் குழுவில் மேளத்தை எடுத்துவிட்டால் ஐந்து பாட்டுக்கு ஒன்றும் குறைந்திருக்காது. எனக்கு உறுத்துவது அது. ஆறாவதில் எடுத்தால் பாட்டே இல்லை.

கச்சான்காத்து | 8.45

கட்டைவண்டி, இதைக் காலையிலேயே எழுதியிருந்தால் நெறியாளருக்கு இரண்டு வேலை மிச்சம். ஒரு கேள்வி: ஆறாவது பாட்டு மாதிரியே முழுக் கச்சேரியும் முடியுமா? லேப்டாப் இல்லாமல் அந்தப் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் தாங்குவார்களா?

இரண்டரைக்கட்டை | 9.30

ஒத்திகை வேண்டும். ஒரு வாரமாவது எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார வேண்டும். அப்பாவிடம் கேட்டேன். "அந்த டிரம்மு அடிச்ச பய நல்லா வருவான். விழுந்தா எந்திரிக்கத் தெரியுது" என்றார். அவர் வாயிலிருந்து இது பெரிய பாராட்டு, என்னை இதுவரை இப்படிச் சொன்னதில்லை.

பையன் நேற்றே அப்பாவின் நம்பரை வாங்கிப் போயிருக்கிறான். இன்று மத்தியானம் போன் செய்து, தாத்தா, அந்த ஏழு எண்ணிக்கையை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றான். அப்பா சோற்றுக் கையோடு வாயாலேயே கால் மணி நேரம் சொன்னார். கடைசியில், ஆடியில் நம் கோவில் கொடை வருகிறது, வா என்று சொல்லிவிட்டார். அவன் வருகிறேன் என்றிருக்கிறான். கிட்டார் தம்பியையும் கூட்டி வருவானாம். கிட்டாரை அரைச் சுருதி இறக்கி வைத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம்.

முளைப்பாரி | 9.41

தேதியை இங்கே போடுங்கள் தம்பி. நாங்கள் ஒரு வேன் பேசி வருகிறோம்.

கச்சான்காத்து | 9.44

ஒலிப்பெட்டி அண்ணே, இந்தத் தடவை தவிலுக்கு நாலு மைக் உண்டா?

ஒலிப்பெட்டி_ராம்நாடு | 9.58

கோவில் கொடையில் தவிலுக்கு எதற்குத் தம்பி மைக்? டிரம்மர் பையனுக்கு வேண்டுமானால் ஒன்று வைக்கிறேன், பாவம்.